இரண்டாவது காருக்கான இடம்

அந்த வீட்டில் யாரிடமும் கார் கிடையாது. அக்காவின் கணவரான மாமாவிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. மாமாவுக்கு மனம் இருக்கும்போது அல்ல, அதற்கு மனம் இருக்கும்போதுதான் அது கிளம்பும். அக்கா பஸ்ஸில் போனாள். இளையவள் நடந்து போனாள். இருந்தும் அந்த வருடம் முழுக்க வீட்டில் கார்களைப் பற்றிய பேச்சுதான். இன்னும் வராத கார்கள், நிறம் தெரியாத கார்கள், முன்பின் அறியாத யாரோ பல்வலியோடு ஓட்டிக்கொண்டு வரப்போகிற கார்கள்.

அக்கா பல் டாக்டர். படித்து முடித்ததிலிருந்து வேறொருவருடைய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். இப்போது கீழ்த்தளத்து முன் அறையைச் சொந்த மருத்துவமனையாக மாற்ற விண்ணப்பம் போட்டிருந்தாள். வீடு மருத்துவமனையாக மாறலாம், கடையாக மாறலாம், வருகிறவர்களின் கார் மட்டும் தெருவில் நிற்கக்கூடாது என்பது நகர அலுவலகத்தின் சட்டம். மனையெல்லைக்குள்ளேயே அதற்கு இடம் காட்ட வேண்டும். சட்டப் புத்தகத்தில் அந்த இடத்துக்கு ஒரு மூச்சில் சொல்ல முடியாத பெயர் இருந்தது. ஊரில் எல்லோரும் ‘கட்டம்’ என்றார்கள். துணிக்கடை என்றால் தரையின் பரப்பைப் பார்த்துக் கட்டம். நடனப் பள்ளி என்றால் ஆடுகிறவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துக் கட்டம். பல் மருத்துவமனை என்றால் நாற்காலிக்கு ஒரு கட்டம்.

இளையவளுக்கு இதெல்லாம் மனப்பாடம். வீட்டு வரைபடம் போட்டுக் கொடுக்கும் கடையொன்றில் அவள் வேலை செய்தாள். நாள் முழுக்க யார் யாருடைய வீட்டு முற்றங்களிலோ செவ்வகம் செவ்வகமாகக் கார்களை நிறுத்திக்கொண்டிருப்பாள். மாமா அவளுக்கு ‘ஸ்கேல்’ என்று பெயர் வைத்திருந்தார்.

“ஒரு நாற்காலின்னா ஒரு கட்டம் போதும்க்கா,” என்றாள் இளையவள். ஞாயிற்றுக்கிழமை காலை, கீழே அக்கா வீட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். “கேட்டுக்கு உள்ள முன்னாடி இருக்கிற இடமே சரியா இருக்கும். ரெண்டு போட்டாதான் சிக்கல்.”

“ரெண்டுதான் போடப்போறேன்.”

“எதுக்கு ரெண்டு?”

“என்கூடப் படிச்சவங்கள்லாம் நாலு, அஞ்சுன்னு வெச்சிருக்காங்க. நான் ஒண்ணே ஒண்ணு வெச்சிட்டு உட்கார்ந்திருந்தா முடிதிருத்தற கடைன்னு நினைப்பாங்க.”

“சரி. ரெண்டாவது கட்டத்துக்கு இடம்?”

அக்கா ரொட்டியின் ஓரம்வரை நிதானமாக ஜாம் தடவினாள். பிறகு, “பக்கத்துச் சந்து இருக்கே,” என்றாள்.

“சந்துல என்னோட படி இருக்கு.”

அக்கா ரொட்டியைக் கடித்தாள். மாமாதான் சொன்னார்: “படியை எடுத்துட்டா என்ன? சமையலறைப் பக்கமா உள்ளேயே ஒரு இரும்புப் படி வெச்சிடலாம். ஸ்கேல் எங்க வீட்டு வழியா மேல போகட்டும். லேட்டா வந்தா கதவைத் தட்டணும். நான்தான் திறப்பேன். டிக்கெட் இருக்கான்னு கேட்பேன்.”

அவருடைய மகள் குட்டி சிரித்தாள். மாமாவும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை என்பதை இளையவள் கவனித்தாள். ஆக, பேசி முடித்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அந்தப் படி வீட்டோடு பிறந்தது அல்ல. அக்காவுக்குக் கல்யாணமாகி மாமா இங்கேயே தங்க வந்தபோது அப்பா கட்டியது. புதிதாக மணமானவர்கள் கீழே இருக்க, தங்கை நினைத்த நேரம் குறுக்கே வந்து போனால் நன்றாக இருக்காது என்று, சந்தில் செங்கல் சுவர் எழுப்பி, அதன்மேல் படிகள் வைத்து, மாடி அறைக்கு வெளியிலிருந்தே வழி செய்தார். சாவியை அவள் கையில் கொடுத்தபோது, வீட்டிலிருந்து பாதி வெளியேற்றப்பட்டதுபோல அவள் அழுதாள். பிறகு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. கீழ்வீடு அக்காவுக்கு, மேலறை இவளுக்கு என்று ஆயிற்று. எங்கே போகிறாய் என்று கேட்காத கதவு எவ்வளவு பெரிய சொத்து என்பது மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. மழை பெய்யும்போது சும்மா நனைவதற்காகவே இறங்கிப் போவாள். திரும்பி வந்து சாவியைத் திருப்பும்போது, தூர தேசத்தில் ஒரு விடுதி அறையைத் திறப்பதுபோல இருக்கும்.

அந்தக் கதவு ஒன்றுதான் அக்காவிடம் இல்லாமல் அவளிடம் இருந்தது.

மற்றதெல்லாம் அக்காவிடம் இருந்தது. பொறாமை கண்ணில் இருக்கும் என்பார்கள். இளையவளுக்கு அது காதில் இருந்தது. மேலறையின் தரைதான் கீழ்வீட்டின் கூரை. மாமா ஏதோ சொல்வார், சொற்கள் தெளியாது. ஆனால் அக்காவின் சிரிப்பு மட்டும் தெளிவாக மேலே வரும். குட்டி ஓடுவது வரும். தட்டுகளை அடுக்குவது வரும். கீழே எல்லாமே ஒன்றுக்கு மேற்பட்டதாக ஒலித்தது. மேலே அவள் வைக்கும் ஒரு டம்ளர் ஒரு டம்ளரைப் போலத்தான் ஒலித்தது. சில மாலைகளில், அக்கா சிரிக்கும்போது காலால் தரையை ஓங்கி மிதித்துவிட்டு, ஏதோ கீழே விழுந்த மாதிரி “ச்சே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

மறுநாள் கடையில் உட்கார்ந்து அக்காவின் வீட்டை வரைந்தாள். தன் படியைத் திரையில் தேர்ந்தெடுத்தாள். ஒரு தட்டுத் தட்டினால் அழிந்துவிடும். தட்டவில்லை. படியின் சுவரிலிருந்து மதில்வரை இருந்த இடத்தை அளந்து பார்த்தாள். சட்டம் கேட்கும் அகலம் மயிரிழையில் வந்தது. மறுபடி அளந்தாள். வந்தது. படியும் இருக்கலாம், அதை ஒட்டிக் காரும் நிற்கலாம்.

வந்ததற்குக் காரணம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. அந்தக் கடையில் சுவர் என்றால் செங்கல் மட்டும்தான். முதலாளி கடை தொடங்கிய நாளிலிருந்து சொல்லி வருவது அது: “பூச்சு படத்துல வராது. பூச்சு கொத்தனார் சமாச்சாரம்.” புதுக் கட்டடங்களுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை; கட்டுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் இந்தச் சந்தில் படிச்சுவருக்கும் மதிலுக்கும் அப்பா ஆசை ஆசையாக இரண்டு கை பூசியிருந்தார். மதிலில் மழைநீர்க் குழாய் ஒன்று இறங்கியது. குழாயும் படத்தில் வருவதில்லை. நான் பொய் வரையவில்லை, எல்லோருக்கும் வரைவதுபோலத்தான் வரைகிறேன் என்று இளையவள் சொல்லிக்கொண்டு அச்செடுத்தாள்.

“படியை எடுக்க வேண்டாம்க்கா,” என்று அன்று மாலை படத்தை நீட்டினாள். “ரெண்டு கட்டமும் வருது. பாரு.”

அக்காவின் முகம் ஒரு நொடி விழுந்தது. உடனே தூக்கி நிறுத்திக்கொண்டாள். “நல்லதுதானே,” என்றாள், நாக்கில் ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல. “உனக்கு அதிர்ஷ்டம்தான்.”

எனக்கு ஒரு சாமர்த்தியம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள இவளுக்கு வாய் வரவில்லை, அதிர்ஷ்டமாம் என்று நினைத்துக்கொண்டு இளையவள் படியேறினாள்.

பிறகு நாற்காலி வந்தது. லாரியில், மரச்சட்டத்துக்குள், பிளாஸ்டிக் சுற்றி வந்தது. வெளிறிய பச்சை நிறம். இரண்டு பேர் உறைகளைப் பிரிக்கப் பிரிக்க அக்கா முன்னறையின் வாசலில் ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்காலி மெல்லச் சாய்ந்தது, எழுந்தது, ஒரு பெரிய பூச்சியின் கண்போல அதன் விளக்கு திரும்பியது. இளையவள் அதைப் படியில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவளுக்குப் பல்லில் ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் அந்த நாற்காலியில் அவளுக்கு முன்னால் ஊரில் யாரெல்லாம் உட்காரப்போகிறார்களோ அவர்கள் அனைவர் மீதும் எரிச்சல் வந்தது. அக்கா அவர்களுடைய முகவாயைப் பிடித்து, “கொஞ்சம் பெரிசா திறங்க,” என்று மென்மையாகச் சொல்வாள். தன்னிடம் அக்கா அந்தக் குரலில் பேசி எவ்வளவு காலம் ஆயிற்று!

“எப்படி இருக்கு ஸ்கேல்?” என்று மாமா உள்ளிருந்து கத்தினார்.

“டெண்டிஸ்ட் கடை மாதிரி இருக்கு.”

“பொறாமைப்படாதே. ஒரு பல்லை உடைச்சிட்டு வா, ஃப்ரீயா பார்க்கச் சொல்றேன்.”

அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். அவள் சட்டென்று மேலே போய்விட்டாள்.

கட்டங்களைச் சோதிக்க வரும் அலுவலரை ஊரில் ‘பார்க்கிங் சார்’ என்பார்கள். மனிதர் பெரிய உருவம். அவருடைய காரும் பெரிது, பழையது, இப்போது யாரும் செய்யாத வகை. நாடாவால் அளப்பதை அவர் நம்புவதில்லை. “நாடா கார் இல்ல பாருங்க,” என்பார். அவருடைய முறை வேறு: தன் காரைத் தானே ஓட்டிவந்து கட்டத்துக்குள் நிறுத்துவார். கதவைத் திறந்து, வயிற்றோடு வெளியே வருவார். வந்துவிட்டால் கட்டம் தேறியது. வர முடியாவிட்டால் தேறவில்லை. மேலதிகாரிகள்கூட இதை மாற்ற முயன்று விட்டுவிட்டார்கள். ஏனென்றால் அவர் தேறியது என்று சொன்ன கட்டத்தைப் பற்றி அதன்பிறகு ஒரு புகாரும் வந்ததில்லை. விண்ணப்பக்காரர்கள் மட்டும் அவர் வரும் நாளில் அவருக்குச் சாப்பிட எதுவும் கொடுப்பதில்லை. சோதனை முடியும்வரை தண்ணீர்கூடக் கொடுக்காதவர்கள் உண்டு.

அவர் ஒரு பிற்பகலில் வந்தார். மாமா வேலைக்குப் போயிருந்தார். குட்டி பள்ளியில். அக்கா விடுப்பு எடுத்திருந்தாள். புதிய வெள்ளைக் கோட்டை, தேவையே இல்லாமல், போட்டுக்கொண்டிருந்தாள். இளையவள் இரண்டு கட்டங்களையும் தரையில் சாக்பீஸால் வரைந்துவிட்டுக் கைகளைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

முன்கட்டம் எளிதாகத் தேறியது. பார்க்கிங் சார் இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி ஏறினார். “அடுத்தது அந்தச் சந்தா?”

“ஆமா சார்.”

“படத்துல இன்னும் கொஞ்சம் அகலமா தெரிஞ்சுதே.”

“வெயில்ல அப்படித் தெரியும் சார்,” என்றாள் இளையவள்.

கார் சந்துக்குள் போயிற்று. பெருமூச்சு விடுவதுபோல மெதுவாக, ஒரு பக்கம் படிச்சுவர், மறுபக்கம் மதில், நடுவில் அந்தக் கார். முழுக்க உள்ளே போய் நின்றது. இன்ஜின் அணைந்தது. அவர் பக்கத்துக் கதவு திறந்தது. படிச்சுவரில் ‘டக்’ என்று முட்டி நின்றது. ஒரு கால் வெளியே வந்தது. பிறகு ஒரு தோள். பிறகு எதுவும் வரவில்லை. கால் உள்ளே போயிற்று. கார் குலுங்கியது, அவர் மறுபக்கத்து இருக்கைக்கு மாறுகிறார். அந்தக் கதவு திறந்து மழைநீர்க் குழாயில் முட்டியது. அந்தப் பக்கம் தோள்கூட வரவில்லை.

“சரி,” என்றது உள்ளிருந்து குரல். மீண்டும் குலுங்கல். இன்ஜின் உறுமியது. கியர் கரகரத்தது. கார் நகரவில்லை. மறுபடி கரகரத்தது.

“என்ன சார் ஆச்சு?” என்று அக்கா எட்டிப் பார்த்தாள்.

“ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. சூடா இருந்தா இதுக்கு ரிவர்ஸ் விழாது. கொஞ்சம் ஆறணும்.”

“எவ்வளவு நேரம்?”

“அது அதோட இஷ்டம்.”

“பார்க்கிங் சார் காருக்கு ரிவர்ஸ் விழாதா?” என்று இளையவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பின் நடுவிலேயே அது வற்றியது. இரண்டாவது கட்டம் தேறவில்லை. இனிப் படிதான்.

“தண்ணி கிடைக்குமா?” என்று கேட்டார் அவர்.

அக்கா டம்ளரோடு வந்தாள். காருக்கும் சுவருக்கும் நடுவே அவளுக்கும் வழியில்லை. ஆகவே படியில் ஏறி, நாலைந்து படிகள் மேலே நின்று, கைப்பிடிச் சுவருக்கு மேல் குனிந்து, கார் ஜன்னலுக்குள் டம்ளரை இறக்கினாள். அவர் வாங்கிக் குடித்தார். அக்கா அங்கேயே நின்றாள். வெள்ளைக் கோட்டோடு படியின் நடுவில் அவள் நின்ற விதம், வேறொருவர் வீட்டுக்கு முதன்முறை வந்திருப்பதுபோல இருந்தது.

“உன் படத்துல வந்துதே,” என்றாள் இளையவளிடம்.

“படத்துல பூச்சு வராது.”

“அது உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சேதான் போட்டியா?”

“ஆமா. என் படியை நானே அழிக்கணுமா? அதுக்கு வேற ஆளைப் பார்த்திருக்கணும் நீ.”

“நல்லா இருக்குடி. எனக்கு ஒரு நல்லது நடந்துடக் கூடாது உனக்கு.”

“உனக்கா? உனக்கு நடக்காத நல்லது என்னக்கா பாக்கி இருக்கு? வீடு இருக்கு. மாமா இருக்காரு. குட்டி இருக்கா. பேருக்குப் பின்னாடி எழுத்தா இருக்கு. இப்போ நாற்காலி, அதுக்கு மேல ஒரு லைட்டு. எனக்கு இருக்கறது இந்தப் படி. செங்கல்லும் சிமெண்டும். அதையும் கார் நிறுத்தக் கேட்கறே. வீட்டுல ஒரு காராவது இருந்துதுன்னா பரவாயில்ல!”

“ஏம்மா, கொஞ்சம் மெதுவா,” என்றது காருக்குள்ளிருந்து. “ஜன்னல் மூட மாட்டேங்குது. எனக்கு எல்லாம் கேட்குது.”

“கேட்கட்டும் சார்,” என்றார்கள் இருவரும்.

“நீங்க ஒண்ணும் படியை எடுக்க வேண்டியதில்லையே,” என்றார் அவர், சமாதானம் செய்யும் குரலில். “ஒரே நாற்காலின்னு எழுதிக் குடுத்தா முன்னாடி கட்டமே போதும். நான் இப்பவே கையெழுத்துப் போட்டுடுவேன். இங்கேர்ந்தே போடலாம், கை வெளிய வரும்.”

“அதான் முதல்லேயே சொன்னேன்,” என்றாள் இளையவள். “கேட்டாளா? ரெண்டாவது நாற்காலி எங்கக்கா? ஒண்ணுதானே வந்திருக்கு.”

“வரும்.”

“எப்போ?”

“வரும்னு சொல்றேன்ல.”

“யாரு பார்ப்பா அதுல? உனக்கு ரெண்டு கைதான் இருக்கு. கூட வேற டாக்டர் பேசி வெச்சிருக்கியா?”

அக்கா கைப்பிடிச் சுவரின் பூச்சை நகத்தால் சுரண்டினாள்.

“அக்கா. ஆர்டர் பண்ணியிருக்கியா இல்லையா?”

“இல்ல.”

“பண்ணப்போறியா?”

“தெரியல.”

“அப்போ எதுக்கு?”

காருக்குள் டம்ளர் எங்கோ உருண்டது. பார்க்கிங் சார் அதைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

“சத்தம்,” என்றாள் அக்கா.

“என்ன சத்தம்?”

“நீ இறங்கற சத்தம். ஏழு மணிக்கு இறங்குவே, ஒன்பது மணிக்கு இறங்குவே, மழை கொட்டும்போது இறங்குவே. எங்க போறேன்னு யாருக்கும் சொல்ல வேண்டாம். தடதடன்னு இறங்கி, கேட்டைச் சாத்திட்டுப் போய்க்கிட்டே இருப்பே. நான் அடுப்புகிட்ட நின்னுக்கிட்டு இருப்பேன். இல்லேன்னா குட்டிக்குத் தலை பின்னிக்கிட்டு இருப்பேன். அந்தச் சத்தம் கேட்டா எனக்கு யாரையாவது கடிக்கணும்போல இருக்கும். பல் டாக்டரை நோயாளி கடிப்பாங்க தெரியுமா? எனக்கு நோயாளியைக் கடிக்கணும்னு தோணும்.”

கீழேயிருந்து சிரிப்பு மேலே வந்ததுபோல, மேலிருந்து ஏதாவது கீழே போயிருக்கும் என்று இளையவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

“மாமா உன்னை எதுவும் கேட்க மாட்டாரேக்கா.”

“கேட்பாரு. அன்பாத்தான் கேட்பாரு. எங்க கிளம்பிட்டேன்னு கேட்பாரு. எப்போ வருவேன்னு குட்டி கேட்பா. கடைக்குப் போனாக்கூட ரெண்டு பேருக்கும் சொல்லிட்டுத்தான் போகணும். கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா கேட்டாரு. நான் ஒரு நாள்கூட யாருக்கும் சொல்லாம இந்த வீட்டை விட்டு வெளிய காலெடுத்து வெச்சதில்லடி. அப்பா படி கட்டும்போது நான் நினைச்சேன், ஏன் எனக்குக் கட்டலேன்னு.”

“நான் அழுதேன் அப்போ.”

“பார்த்தேன். நீ எதுக்கு அழறேன்னு எனக்குப் புரியவே இல்ல.”

“என்னை யாரும் எங்க போறேன்னு கேட்கறதே இல்லக்கா,” என்றாள் இளையவள். சொல்லி முடித்தபின்தான் அது குறை சொல்வதுபோல ஒலித்தது தெரிந்தது.

“கேட்கணுமா? நான் கேட்கறேன். தினமும் கேட்கறேன். நீ எனக்கு அந்தப் படியைக் குடு.”

“எனக்கும் ஒரு அண்ணன் இருந்தான்,” என்று தொடங்கினார் பார்க்கிங் சார். யாரும் கேட்கவில்லை. அவர் கியரைத் தொட்டுப் பார்த்தார். முனகிற்று.

“அப்போ படி இடிஞ்சா,” என்றாள் இளையவள் மெதுவாக, “கார் நிக்கறதுக்காக இல்ல. நான் உன் சமையலறை வழியா வந்து போகணும். நீயும் மாமாவும் பார்க்கணும். அதுக்குத்தான்.”

“ஆமா.”

“அவ்வளவு கெட்டவளா நீ?”

“நீ பூச்சு இல்லாம படம் போட்டியே, அந்த அளவுதான்.”

இளையவளுக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வந்தது, ஆனால் அதோடு வேறொன்றும் வந்தது. தன்னிடம் இருப்பதைப் பார்த்து ஒருத்தி, அதுவும் அக்கா, இத்தனை வருடம் வெந்திருக்கிறாள் என்பதில் ஓர் இனிப்பு. அந்த இனிப்பை நினைத்து அவளுக்கே கூச்சமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது அக்கா கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

“சாவியைக் குடு.”

“எதுக்கு?”

“குடுடி. மேல போய்ப் பார்க்கணும். குட்டி பிறந்தப்புறம் நான் வந்ததே இல்ல.”

“அறை அலங்கோலமா இருக்கு.”

“பரவாயில்ல.”

இளையவள் சாவியைக் கொடுத்தாள். அக்கா வெள்ளைக் கோட்டைக் கழற்றித் தங்கையின் கையில் வைத்துவிட்டுப் படியேறினாள். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. கதவு திறந்தது. மூடிற்று.

“என்னம்மா எழுதட்டும்?” என்றார் பார்க்கிங் சார். “படி போகுதா, நாற்காலி போகுதா?”

“அவதானே சொல்லணும் சார். விண்ணப்பம் அவளுது.”

“சரி. நான் எங்கேயும் போகப்போறதில்ல.”

இளையவள் கோட்டோடு முன்னறைக்குள் போனாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் பச்சை நாற்காலியில் உட்கார்ந்தாள். அது அவள் எடைக்கு ஒரு மூச்சு விட்டுத் தாழ்ந்தது. கூரைக்கு மேலே அவளுடைய அறை. அதைக் கீழேயிருந்து அவள் கேட்டதே இல்லை. அக்கா நடக்கிறாள். ஜன்னல் திறக்கிறது, அந்த ஜன்னல் கொஞ்சம் இழுத்தால்தான் திறக்கும், அக்கா இழுக்கிறாள். மேலறை நாற்காலி நகர்கிறது. கட்டில் முனகுகிறது. பிறகு நீண்ட நேரம் எதுவுமே இல்லை. அந்த எதுவும் இல்லாமை எவ்வளவு அகலமாக இருந்தது! தான் மேலே இருக்கும்போதும் இப்படித்தான் கீழே இறங்கியிருக்குமா இந்த அமைதி? இவ்வளவு வசதியான ஓர் அறையிலா தான் இருந்தோம்?

பள்ளி வேன் வந்து குட்டி இறங்கினாள். “சித்தி, சந்துல ஒரு மாமா காருக்குள்ள உட்கார்ந்திருக்காரு. அம்மா எங்க?”

“மேல.”

“மேலன்னா?”

“என் ரூம்ல.”

“எதுக்கு?”

“தெரியல.”

குட்டி படியின் கீழே போய் நின்று, “அம்மா!” என்று கத்தினாள். இளையவளும் கோட்டோடு வெளியே வந்தாள். குட்டி மறுபடி கத்தினாள். அதற்குள் மாமாவின் ஸ்கூட்டர் இரண்டு முறை இருமிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றது. அவர் வழக்கமாக நிறுத்தும் சந்தில் ஒரு கார். “இது யாருது? முதல் பேஷண்டா?” என்று சிரித்துக்கொண்டே வந்தவர், இளையவளின் கையிலிருந்த கோட்டைப் பார்த்து நின்றார். “அக்கா எங்கே?”

“மேல.”

“எப்போ வருவா?”

“சொல்லல மாமா.”

“சொல்லலையா?” அவருக்கு அது என்ன வகை வாக்கியம் என்றே புரியவில்லை. படியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். “ஏய், டீ போடட்டுமா?” என்று மேலே பார்த்துக் கேட்டார்.

மாடி ஜன்னலில் அக்காவின் தலை தெரிந்தது. பின்னலை அவிழ்த்துவிட்டிருந்தாள். வெயில் இறங்கிய வெளிச்சத்தில் அவள் முகம் யாரோ ஒரு பெண்ணின் முகம்போல, இவர்கள் யாரையும் அவ்வளவாகத் தெரியாத பெண்ணின் முகம்போல இருந்தது.

“ஸ்கேல்,” என்றாள். அந்தப் பெயரால் அவள் தங்கையைக் கூப்பிட்டதே இல்லை. “ஒரே நாற்காலின்னு எழுதிக்கச் சொல்லு.”

ஜன்னல் மூடிற்று.

இளையவள் போய்ச் சொன்னாள். பார்க்கிங் சார் கையை வெளியே நீட்டி, காரின் கதவுமேல் காகிதத்தை வைத்து எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு கியரைத் தள்ளினார். விழுந்தது. கார் பின்னோக்கி நகர்ந்து, மழைநீர்க் குழாயை ஒரு முறை உரசி, வெளியே வந்தது. “இப்போ சந்தோஷம்தானே?” என்றார் ஜன்னல் வழியாக. “படி உனக்கே.”

“ஆமா சார்.”

மாமா குட்டியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய் டீ போடத் தொடங்கினார். எந்த டப்பாவில் எது என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம் வந்தது. இளையவள் சந்தில் தனியாக நின்றாள். சாக்பீஸ் கட்டத்தின் ஒரு பக்கம் டயர்பட்டு அழிந்திருந்தது. கேட்டது கிடைத்துவிட்டது. மனம் அதைப் போய்த் தொட்டுப் பார்க்கக்கூட இல்லை. மேலேயே நின்றது, அந்த மூடிய ஜன்னலில்.

மேலே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அவளுடைய தாழ்ப்பாள். அவள் போடும்போது அது இவ்வளவு உறுதியாக ஒலித்ததாக நினைவில்லை.

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள். தன் அறைதான். ஆனாலும் போய்க் கதவைத் தட்டினால் உள்ளிருந்து, “யாரு?” என்று கேட்டுவிடுவாளோ என்று இருந்தது. காலை எடுத்துவிட்டு, அதே படியில் உட்கார்ந்து, அக்கா எப்போது இறங்குவாள் என்று காத்திருந்தாள்.